பக்குரங்காவில் எரிய மறுத்த ஹீட்டர்

காஸ் ஹீட்டர் பழுதுபார்க்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மீட்டர் வாங்குவது என்பதைத்தான். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். ஒரு ஹீட்டரை எரிய வைக்கக் கூடாது என்று நீங்கள் தீர்மானித்த பிறகு, உங்களைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் அது எரிந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் என்ன செய்வீர்கள்? அதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

நான் மன்னாரிலிருந்து வந்தவன். தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஒனிஹங்காவில் இருந்த ஒரு ஹீட்டர் கம்பனியில் காஸ் வேலை செய்தேன். அந்தக் கம்பனி இப்போது இல்லை. பெயர் சொல்லிப் பயனும் இல்லை. எங்கள் சேர்விஸ் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலேசியத் தமிழர். அவர் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். நேர்முகத்தில் என் ஆங்கிலத்தைக் கேட்டு மற்ற இருவரும் முகத்தைச் சுளித்தபோது, “கையைப் பாத்துதான் வேலைக்கு எடுக்கணும், வாயைப் பாத்து இல்ல” என்று அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதையே எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னவர். நான் பார்த்த காஸ்காரர்களில் அவரைப் போல ஒருவரை அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது அவரை ஒரு அரைகுறை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியின் வீட்டுக்கு இருவரும் போனோம். ஹீட்டரின் உள்தகட்டில் வெடிப்பு விட்டிருந்தது, எரித்தால் அதன் வழியே புகை வீட்டுக்குள் கசியும். கிழவர் கெஞ்சினார். இந்தக் குளிர் முடியும்வரை ஓடினால் போதும், அதற்குப் பிறகு புதிது வாங்குகிறேன் என்றார். எங்கள் பொறுப்பாளர் காஸை மூடினார், குழாயைக் கழற்றி அடைப்பு வைத்தார். பிறகு தன் வீட்டுக்கு வான் வண்டியை விட்டு, தன் பிள்ளைகளின் அறையிலிருந்த மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து அந்தக் கிழவியின் காலடியில் வைத்தார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்:

“எப்படி எரிய வைக்கிறதுன்னு எவன் வேணாலும் சொல்லிக் குடுப்பான். ஏன் எரிய மாட்டேங்குதுன்னு கேக்கத் தெரியணும் லா.”

அந்தக் காலத்து வீடுகளில் தரைப்பலகைக்குக் கீழே ஃபர்னஸ் என்று சொல்கிற பெரிய காஸ் ஹீட்டர் இருக்கும். அது சூடாக்கும் காற்று குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போகும். அது சொன்னவுடனே பற்றிக்கொள்ளாது. முதலில் ஒரு சின்ன விசிறி சுழன்று, புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்க்கும். வழி இருந்தால்தான் பிரஷர் சுவிட்ச் என்கிற ஒரு சிறு வட்டத் தட்டு அனுமதி கொடுக்கும். அதற்குப் பிறகுதான் பொறி, அதற்குப் பிறகுதான் காஸ். வழி இல்லையென்றால் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், ஹீட்டர் எரியாது. வீட்டுக்காரர் அதைப் பழுது என்பார்.

பக்குரங்கா என்கிற ஆக்லாந்துப் புறநகரில் எனக்கு அப்படி ஒரு ஹீட்டர் வந்தது. அங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை.

வாடகைக்கு இருந்தவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கணவன் முரளிக்கு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி சாந்தி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ், இரவுப் பணி. கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன், அவள் கர்ப்பிணி, மாதம் கூடியிருந்தது. வேலை முடிந்து வந்து சீருடைகூட மாற்றாமல், மேலே ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளே மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது.

“தமிழா அண்ணா? நல்லதாப் போச்சு. ஒரு வாரமா எரியவே மாட்டேங்குது. ஃபேன் சத்தம் மட்டும் வருது. பகல்லதான் நான் தூங்கணும், இந்தக் குளிர்ல கண்ண மூடவே முடியல.”

“பாப்பம் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுத் தரைக்குக் கீழே தவழ்ந்து போனேன்.

விசிறி ஒழுங்காகச் சுழன்றது. பிரஷர் சுவிட்ச் அனுமதி கொடுக்கவில்லை. அதன் ரப்பர் குழாயை ஊதிப் பார்த்தேன், சுவிட்ச் நன்றாகவே வேலை செய்தது. புகைக்குழாயை ஹீட்டரின் பக்கத்தில் கழற்றிவிட்டு ஒரு கணம் ஓடவிட்டேன். உடனே பற்றிக்கொண்டது. நிறுத்தினேன். ஆக ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. புகை போகும் வழியில்தான் ஏதோ இருந்தது. வெளியே வந்து வீட்டின் பின்புறத்தைச் சுற்றினேன். புகைக்குழாயின் வாய் இருக்க வேண்டிய சுவர் அங்கே இல்லை. அதை மறைத்துக்கொண்டு புத்தம் புதிய கண்ணாடி அறை ஒன்று நின்றது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அறையின் அடிப்பாகம் முழுவதும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். புகைக்குழாயின் வாய் அந்தப் பலகைக்கு உள்ளே, ஒரு கை நுழையாத இடைவெளியில் அகப்பட்டிருந்தது. அந்த அறையை ஒட்டியபடி சாந்தியின் படுக்கையறை.

“இந்த அறை எப்ப கட்டினது?”

“ஓனர் கட்டினார்ணா. போன வாரம்தான் முடிஞ்சது. ஹீட்டர் நின்னதும் அப்பதான். நான் ரெண்டையும் சேத்து யோசிக்கல.”

நான் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். நர்ஸ் என்பதால் சுற்றி வளைக்கவில்லை. புகை வெளியே போகாவிட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்தான் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது உன்னைவிடக் கூடுதலாகப் போய்ச் சேரும் என்றேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

“படிச்சிருக்கேன் அண்ணா. நீங்க மூடிடுங்க.”

காஸை மூடினேன், எரிக்கக் கூடாது என்கிற சிவப்பு அட்டை கட்டினேன். அவர்களுடைய தொலைபேசியிலேயே அலுவலகத்துக்கு எடுத்தேன். எங்கள் பொறுப்பாளர்தான் எடுத்தார். விபரம் சொன்னேன். “நல்ல வேலை செஞ்சே. அப்படியே விட்டுட்டு வா” என்றார். அவர் குரலில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

கருவிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஜெயசீலன் அண்ணர், யாழ்ப்பாணத்தவர். எங்கள் தேவாலயத்தில் முன்வரிசை. ஊரிலிருந்து புதிதாக வருகிற ஆட்களுக்கு விமான நிலையத்துக்குக் கார் அனுப்புகிறவர், அதை நான் மறைக்க மாட்டேன். அவருக்கு நாலைந்து வீடுகள் வாடகைக்கு ஓடின. எல்லாவற்றின் ஹீட்டர் வேலையும் எங்கள் கம்பனிக்குத்தான்.

“என்னப்பா, சரிக்கட்டியாச்சோ?”

“இல்லை அண்ணை. உங்கட புது அறை புகைக்குழாயை அடைச்சுப்போட்டுது. பலகையைக் கழட்டி, குழாயை வெளியால நீட்டிப்போட்டுத்தான் கொளுத்தலாம். தச்சனைக் கூப்பிடுங்கோ.”

“தச்சன் திங்கட்கிழமைதான் வருவான். அதுவரைக்கும் இந்தப் பிள்ளை குளிருக்க கிடக்கிறதோ? வயித்துப்பிள்ளைக்காரி. நீர் என்ன மனிசன்?”

“அதுதான் அண்ணை சொல்லுறன். இண்டைக்கே ரெண்டு மின்சார ஹீட்டர் கொண்டுவந்து வையுங்கோ. அந்தப் படுக்கையறைக்கு ஒண்டு கட்டாயம் வேணும்.”

அவர் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தார். அது நகர கவுன்சில் அனுமதி இல்லாமல் கட்டியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பலகையைக் கழற்றினால் அதற்கு ஆள் வரும், ஆள் வந்தால் கேள்வி வரும். அப்போது அவர் வேறெதுவும் காட்டிக்கொள்ளவில்லை. சாந்தியின் பக்கம் திரும்பி, “ஓம் பிள்ளை, பின்னேரம் ரெண்டு ஹீட்டர் கொண்டு வாறன்” என்றார். எனக்கு முன்னால்தான் சொன்னார். நான் நம்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அன்று மதியத்துக்குப் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். ஜெயசீலன் அண்ணர் ஹீட்டர் வாங்கப் போகவில்லை. எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் ஆள் ஒருவன் கர்ப்பிணிப் பெண்ணைக் குளிரில் போட்டுவிட்டுப் போய்விட்டான், இதைச் செய்ய முடியாவிட்டால் என் வீடுகள் எல்லாவற்றையும் வேறு கம்பனிக்குக் கொடுப்பேன் என்றார். அந்த வருடம் ஒனிஹங்காக் கிளையை மூடுவதா வைத்திருப்பதா என்று மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பொறுப்பாளர் தானே வானை எடுத்துக்கொண்டு பக்குரங்காவுக்குப் போனார். சிவப்பு அட்டையைக் கழற்றினார். காஸைத் திறந்தார். பிரஷர் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். இனி அந்தச் சுவிட்ச் அனுமதி கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். ஹீட்டர் பற்றிக்கொண்டது. வீடு சூடானது. சாந்தி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜெயசீலன் அண்ணர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“ஒரு சின்னப் பிரச்சினை நடந்துபோச்சு. அந்தப் பிள்ளை நேற்று ஆஸ்பத்திரியில. ஹீட்டர்ப் புகையெண்டு டொக்டர்மார் சொல்லுகினம்.”

“ஹீட்டர் எப்படி எரிஞ்சது? நான் மூடிப்போட்டெல்லோ வந்தனான்?”

“உம்மட பெரியவர் வந்து சரிக்கட்டிப்போட்டுப் போனவர். எனக்கு உந்த ஹீட்டர் விஷயம் ஒண்டும் விளங்காது பாரும். நான் கூப்பிட்டன், அவர் வந்தார்.”

அவர் அதை மிகவும் நிதானமாகச் சொன்னார். ஒரே நாளுக்குள் தனக்குத் தேவையான வசனத்தை அவர் தயார் செய்துவிட்டார் என்பது அப்போதே எனக்கு விளங்கியது.

வெள்ளி இரவே முரளி எல்லர்ஸ்லியில் ஏதோ அவசர வேலைக்குப் போய், சனிக்கிழமையும் அங்கேயே இருந்தான். சாந்தி இரவுப் பணி முடிந்து வந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு சூடான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். மத்தியானம் அவன் தொலைபேசி எடுத்தான், அவள் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று விட்டுவிட்டான். மறுபடி எடுத்தான், அப்போதும் எடுக்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள். எழுந்து வர முயன்றிருக்கிறாள்.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முரளி வெளியே நாற்காலியில் இருந்தான், எழுந்திருக்கவில்லை. உள்ளே சாந்தி ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“நீங்க போடாதீங்கன்னு சொன்னீங்க. அப்புறம் அவர் வந்தார். காலைல வந்த அண்ணா ஆபத்துன்னு சொன்னாரேன்னு நான் கேட்டேன். அந்தத் தம்பிக்கு வேலை சொல்லிக் குடுத்ததே நான்தாம்மான்னார். தமிழ்லதான் சொன்னார். நான் யாரை நம்பியிருக்கணும் அண்ணா?”

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.  

பிறகு காஸ் உரிமம் கொடுக்கும் சபையிலிருந்து விசாரணை என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே கம்பனியின் வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மிகவும் மரியாதையான மனிதர். நான் மூடியது சரி, அட்டை கட்டியது சரி. ஆனால் அந்தப் பெண் புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவள், உன் எச்சரிக்கை அவளுக்கு முழுதாக விளங்கியிருக்காது அல்லவா, விளங்கியிருந்தால் இரண்டாவது ஆளைக் கொளுத்த விட்டிருப்பாளா என்று கேட்டார். பழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு பின்னேரம் எங்கள் பொறுப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. உள்ளே வரச் சொன்னேன். தேநீர் வைத்தோம், தொடவில்லை.

“ரெண்டு நாள்தானேன்னு நெனச்சேன்” என்றார். “திங்கக்கெழம தச்சன் வர்றான்னான். பலகைக்கு நடுவுல கொஞ்சம் சந்து இருந்துச்சு, அதுல போயிரும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு கம்பளியச் சுத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்குது. வயித்துல புள்ள. பாக்க முடியல. நான் போட்டுக் குடுத்ததும் சூட்டுல கைய நீட்டிக்கிட்டுச் சிரிச்சுச்சு.”

“அண்ணை, ஜெயசீலன் அண்ணர் வேலையை வேற ஆக்களுக்குக் குடுக்கப் போறனெண்டு சொன்னவராமே.”

“சொன்னான். அதுக்காகப் போகல. போகலன்னு நான் சொல்லிக்கிறேன்.” தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். “எதுக்குப் போனேன்னு எனக்கே இப்ப தெரியல லா. போற வழியெல்லாம் அந்த மாசமா இருக்கற பொண்ணத்தான் நெனச்சுக்கிட்டுப் போனேன்.”

என்ன வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, “அவங்க கேட்டா, அந்தப் பலகைக்குச் சந்து இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுப்பா” என்றார்.

சந்து இருந்தது. ஒரு கை நுழையாத சந்து. அதை நான் சொன்னால் அது பொய்யும் அல்ல. சந்து இருந்தது, புகை போக வழி இருந்தது, ஒரு அனுபவசாலி தன் அனுபவத்தைக் கொண்டு எடுத்த முடிவு தவறிப்போனது என்று அதை எழுதிக்கொள்வார்கள். அவர் உரிமம் தப்பியிருக்கலாம். அந்த இரவு முழுக்க நான் அதைப் பற்றித்தான் மனைவியோடு கதைத்தேன். அவள் கடைசியில் சொன்னாள்:

“நீங்கள் நாளைக்கும் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆக்களின்ர வீடுகளுக்குள்ள போகவேணும். படுக்கையறைக்குப் பக்கத்தில நிண்டு, இது பாதுகாப்பு எண்டு சொல்லவேணும். பிறகும் அப்பிடிச் சொல்ல ஏலுமெண்டால் அவருக்குச் சாதகமாச் சொல்லுங்கோ.”

விசாரணையில் மூன்று பேர் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள். கம்பனி வழக்கறிஞர் எழுந்து, அந்தப் பெண்ணுக்கு உங்கள் எச்சரிக்கை எந்த அளவுக்கு விளங்கியிருக்கும், மொழிப் பிரச்சினை இருந்ததா என்று கேட்டார்.

“நாங்கள் இருவரும் தமிழில் பேசினோம்” என்றேன். “அவர் தாதி. நான் சொன்னது முழுவதும் அவருக்கு விளங்கியது. மூடச் சொன்னதே அவர்தான்.”

புகைக்குழாயின் வாயைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு கை நுழையாத இடைவெளி என்றேன். அந்த இடைவெளி போதுமா என்று கேட்டார்கள்.

“போதும் என்றால் அந்தச் சுவிட்சே அனுமதி கொடுத்திருக்கும். வயர் தேவைப்பட்டிருக்காது” என்றேன்.

எங்கள் பொறுப்பாளர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அதைச் சொன்னபோது தலையை ஒரு தரம் மேலும் கீழும் அசைத்தார். ஒரு வேலையை நான் சரியாகச் செய்து முடித்தால் எப்படி அசைப்பாரோ அப்படி.

அவருடைய உரிமத்தைப் பறித்தார்கள். கொஞ்சக் காலம் பார்சல் வான் ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன், பிறகு பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஜெயசீலன் அண்ணர் தனக்கு ஹீட்டர் விஷயம் விளங்காது, தகுதியுள்ளவரைக் கூப்பிட்டேன் என்று சொன்னார். கண்ணாடி அறையை இடிக்கச் சொன்னார்கள், இடித்தார். அவருக்கு நடந்தது அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் முன்வரிசையில்தான் இருந்தார். கம்பனி எல்லாருக்கும் ஒரு பாதுகாப்பு வகுப்பு வைத்தது. அதை நடத்த வந்தவன் ஹீட்டர் ஒன்றைத் திறந்து பார்த்தவனாகவே எனக்குத் தெரியவில்லை. பிறகு எங்கள் பொறுப்பாளருடைய நாற்காலியை எனக்குத் தந்தார்கள். எனக்கு வீட்டு மோர்கேஜ் கடன் இருந்தது. ஏற்றுக்கொண்டேன். கிளையை மூடும்வரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தேவாலயத்தில் ஆட்கள் எங்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆளை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தவன் என்று என்னைப் பற்றிப் பேச்சு இருந்தது. ஜெயசீலன் அண்ணர் அதை வாயால் சொல்லவில்லை, சொன்னவர்களைத் தடுக்கவும் இல்லை. என் மனைவியை நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்குக் கூப்பிடவில்லை. அவள் அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் குறைப்படவில்லை. நாங்கள் பிறகு வேறு தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினோம்.

இளையவர்களே, இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். எரிய மாட்டேன் என்கிற ஹீட்டரை வலுக்கட்டாயமாக எரிய வைக்காதீர்கள் என்பது முதல் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அவர்தான். நான் இத்தனை வருடமாக யோசித்து விளங்கிக்கொண்டது வேறு. வேலை தெரியாதவனுக்கு அந்த வயரை எங்கே கொழுவுவது என்று தெரியாது. அவன் கையை விரித்துவிட்டுப் போய்விடுவான், வீட்டில் இருப்பவர்கள் குளிரில் நடுங்குவார்கள், ஆனால் உயிரோடு இருப்பார்கள். வேலை தெரிந்தவன்தான் அதைச் செய்ய முடியும். அதுவும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. இரக்கப்பட்டுத்தான் செய்கிறான். முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, உன் கையில் தீ இருக்கிறது, அதை ஏன் கொடுக்கக் கூடாது என்று மனது கேட்கும். உங்களை அதட்டுகிறவனிடமிருந்து நீங்கள் தப்பிவிடுவீர்கள். அந்தக் கேள்வியிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். அன்றைக்கு யாரையும் நினைக்காதீர்கள், புகை எங்கே போகும் என்பதை மட்டும் நினையுங்கள்.

சரியாக நடந்துகொண்டால் மனம் ஆறும் என்றும் நினைக்காதீர்கள். எனக்கு ஆறவில்லை.

விசாரணை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு முரளி தொலைபேசி எடுத்தான். அவர்கள் எல்லர்ஸ்லியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். ஹீட்டர் ஏதும் பழுதா என்று கேட்டேன்.

“ஹீட்டரே இல்ல சார். கேஸே இல்லாத வீடாப் பாத்துத்தான் எடுத்தோம். ஆனா சாந்தி தூங்க மாட்டேங்குறா. கதவ சாத்த விட மாட்டேங்குறா. நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொன்னா நம்புவேங்குறா.”

ஒரு சனிக்கிழமை காலை போனேன். அவள் மெலிந்திருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு நேரே வெளியே கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் மின்சார மீட்டர் மட்டும் இருந்தது, காட்டினேன். சமையலறையில் மின்சார அடுப்பு, தண்ணீர்த் தொட்டியும் மின்சாரம். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். என் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொன்றையும் தானும் தொட்டுப் பார்த்தாள்.

“கீழே?” என்றாள்.

தரைக்குக் கீழே போகும் சின்னக் கதவு பின்பக்கத்தில் இருந்தது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். காய்ந்த மண், ஒரு தண்ணீர்க் குழாய், யாரோ விட்டுப்போன செங்கற்கள். மேலே பலகையில் அவள் காலடிகள் நான் போகும் திசையிலேயே வந்துகொண்டிருந்தன. படுக்கையறைக்கு நேர் கீழே வந்தபோது நின்றுவிட்டன.

“என்னண்ணா இருக்கு?”

“ஒண்டும் இல்லை தங்கச்சி.”

மேலே அவள் காலால் பலகையைத் தட்டினாள்.

“இன்னொரு தடவ பாருங்க.”

நான் மண்ணில் படுத்துக்கொண்டு டோர்ச்சை நான்கு மூலைக்கும் மெதுவாகத் திருப்பி, முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். பிறகு ஒண்டும் இல்லை என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். கட்டில் கிரீச்சிட்டது, அவள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும் சத்தத்துக்காக நான் கீழேயே காத்துக்கிடந்தேன். அது கேட்கவில்லை.